இனியா செய்த காரியம்

எதிர்வீட்டுப் பூவம்மாவின் அழுகைச் சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்டது. தேக்கா சந்தையில் வாங்கிய மீனைக் கதவோரம் போட்டுவிட்டு ஓடினாள் பாப்பம்மாள். நோயில் படுத்திருந்த பூவம்மாவின் புருஷன் ராமலிங்கம் போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று பயந்தாள்.

நல்லவேளை, மனிதர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மகள் இனியா நெற்றியில் விபூதியும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக மூலையில் நின்று விசும்பினாள்.

“குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்திட்டாக்கா,” என்றாள் பூவம்மா. “அவருக்கு டயாலிசிஸுக்கு வர்ற அரசாங்க உதவி நிக்கப்போகுது. இந்த அரசாங்க வீட்டு வாடகையும் ஏறிடும்.”

பாப்பம்மாளுக்குப் பகீரென்றது. அந்த பிடோக் அடுக்குமாடி பிளாக்கில் யாருக்குத்தான் தெரியாது? சம்பாதிக்க ஆளில்லாத வீடு என்றுதான் அந்த உதவியே கிடைத்துக்கொண்டிருந்தது. அதையும் கெடுக்கிற அளவுக்கு இந்தப் பெண் என்ன செய்து தொலைத்தாள்?

“போலீஸ் கேஸா?”

“அதெல்லாம் இல்லக்கா.”

போலீஸ் இல்லையென்றால் வேறென்ன, வயசுப் பெண்ணாயிற்றே. பாப்பம்மாளின் பார்வை இனியாவின் வயிற்றுப் பக்கம் போய்வந்தது. ஊர்க் கதை பேசுகிறவள்தான், ஆனாலும் குரலைத் தாழ்த்தத் தெரிந்தவள்.

“பையன் யாருடி? நம்ம ஆளுங்களா?”

“ச்சீ, சும்மா இருங்க ஆன்ட்டி.”

“பின்னே உங்கம்மா ஏன் இந்த அழுகை அழுறா?”

இனியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “என்கூடப் படிச்சவங்க வீட்டுல இதுக்கு கேக் வெட்டுறாங்க ஆன்ட்டி. எங்க வீட்டுலதான் இப்படி.”

பாப்பம்மாளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கட்டிலிலிருந்து ராமலிங்கத்தின் குரல் வந்தது.

“பூவு, பிள்ளையைத் திட்டாதே. நான் இனிமே டயாலிசிஸுக்குப் போகலை. ஒரேயடியா எல்லாம் தீர்ந்துடும்.”

பூவம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இனியா ஓடிப்போய் அப்பாவின் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்படிச் சொல்லாதீங்கப்பா. நாளைக்குக் காலையிலயே போய் வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்.”

பாப்பம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. “எதைடி வேணாம்னு சொல்லப்போறே?”

இனியா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“ஆறு மாசத்துக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு, ஆன்ட்டி.”