பத்தாவது கையெழுத்து

"ஒரே ஒரு கையெழுத்துண்ணே! அதைப் போட உங்க கை வலிக்குதா?"

மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு கேட்டாள் கீழ்வீட்டுப் பெண். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

தையல்காரர் நிமிரவில்லை. மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்ற நகராட்சி இன்ஜினியரம்மா கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். பத்து வீடு, ஒன்பது கையெழுத்து. பத்தாவது கட்டம் மூன்று வாரமாகக் காலி.

வெயில் காலத்தில் அடுப்பாகவும் குளிர் காலத்தில் ஐஸ் பெட்டியாகவும் மாறுகிற பழைய கட்டடம் அது. அதைச் சரிசெய்யத்தான் இந்தத் திட்டம். கூரைக்கும் சுவருக்கும் வெப்பத்தைத் தடுக்கிற பலகை, இரட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னல். செலவில் முக்கால்வாசி நகராட்சி, மீதி வீட்டுக்காரர். ஆனால் குடியிருக்கிற அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். அதற்கு இன்று மாலை ஐந்து மணிதான் கெடு.

"என் பையனுக்கு இளைப்பு. சுவரெல்லாம் ஈரம். போன குளிர்ல ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில சேர்த்தேன். கரண்ட் பில்லுக்குப் பயந்து ஹீட்டர் போடறதில்லை, ஆளுக்கு ரெண்டு போர்வையா போர்த்திக்கிட்டுக் கிடக்கோம். உங்களுக்கு மனசே இல்லையா?"

"இருக்கும்மா" என்றார் தையல்காரர். "வேலை முடிஞ்சதும் வாடகை எவ்வளவு ஏறும்னு கேட்டியா?"

அவள் இன்ஜினியரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பின்தெருவுலயும் இதே வேலைதான் நடந்துச்சு. ஜன்னல் புதுசு, சுவர் புதுசு. ஆறே மாசத்துல உள்ள இருந்த ஆளுங்களும் புதுசு."

இன்ஜினியரம்மாவுக்குச் சுருக்கென்றது. பின்தெருக் கட்டடத்து வேலையை முடித்துக் கொடுத்தவள் அவள்தான். அதற்குப் பிறகு அங்கே யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

படிக்கட்டு அதிர வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார்.

"என்னய்யா வேணும் உனக்கு?"

"ஒரு வரி எழுதிக் கொடுங்க சார். இந்த வேலையைச் சாக்கா வச்சு பத்து வருஷத்துக்கு வாடகை ஏத்த மாட்டேன், யாரையும் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்னு."

"அவ்வளவுதானே? சரி, உனக்கு எழுதித் தரேன். போடு கையெழுத்தை."

"எனக்கு மட்டும் வேண்டாம். பத்து வீட்டுக்கும்."

"அவங்களே கேட்கல! உனக்கு என்னய்யா வந்தது?"

"இவங்கதானே சார் எனக்குத் துணி தைக்கக் கொடுக்கறாங்க? இவங்க போயிட்டா என் பொழைப்பு என்ன ஆகறது?"

வீட்டுக்காரர் இன்ஜினியரம்மா பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா, அத்தனையும் சுயநலம்! சொற்ப வாடகையில, கடைசி மூச்சு வரைக்கும் இங்கேயே காலை நீட்டிக்கிட்டுக் கிடக்கணும் இந்த ஆளுக்கு!"

"வயசானவனுக்கு ஆசை இருக்கக் கூடாதா சார்?" என்று சிரித்தார் தையல்காரர்.

'பிழைக்கத் தெரிஞ்ச மனுஷன்' என்று கீழ்வீட்டுப் பெண் வாய்க்குள் முணுமுணுத்தாள்.

மணி நாலேகால். இன்ஜினியரம்மா வெளியே போய் ஆபீசுக்குப் போன் போட்டாள். இரண்டு மேலதிகாரிகளிடம் பேசினாள். இரண்டாமவரிடம் குரல் கொஞ்சம் உயர்ந்தது. திரும்பி வந்தபோது முகத்தில் தெளிவு இருந்தது.

"அப்படி ஒரு வரி சேர்க்கக் கூடாதுன்னு விதியில எங்கேயும் இல்லை. சேர்த்தா நகராட்சியும் கையெழுத்துப் போடும்" என்றவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "அஞ்சு மணி தாண்டினா இந்தப் பணம் அடுத்த பேட்டைக்குப் போயிடும் சார். அப்புறம் ஒழுகற கூரையையும் சேர்த்து முழுச் செலவும் உங்க தலையிலதான்."

வீட்டுக்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எட்டு வருஷம்."

"பத்து" என்றார் தையல்காரர்.

"எட்டுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது!"

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். "சரி, எட்டு. ஆனா பத்து வீட்டுக்கும்."

இன்ஜினியரம்மா எழுதினாள். வீட்டுக்காரர் காகிதம் கிழிகிற மாதிரி கையெழுத்துப் போட்டுவிட்டுத் தடதடவென்று இறங்கிப் போனார். தையல்காரர் கண்ணாடியை மாட்டி, அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பேனாவை வாங்கினார்.

"எட்டு வருஷமா!" கீழ்வீட்டுப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பையன் பள்ளிக்கூடத்தையே முடிச்சிடுவானே! ஏதோ அண்ணே, உங்க சுயநலத்துல எங்களுக்கும் ஒரு நல்லது நடந்துச்சு" என்று சிரித்தபடி, ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிச் சேதி சொல்லிக்கொண்டே இறங்கினாள். மாடி முழுக்கக் கதவுகள் திறந்தன. யாரோ கைதட்டினார்கள்.

இன்ஜினியரம்மா படிவத்தைப் பையில் பத்திரப்படுத்தினாள்.

"மாடியிலிருந்துதான் ஆரம்பிப்போம் ஐயா. பதினஞ்சாம் தேதி உங்க வீட்டு ஜன்னலைக் கழட்டுவாங்க. தூசி விழும், மெஷினை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி வச்சுக்குங்க."

"அதுக்கு அவசியமே இருக்காதும்மா. பத்தாம் தேதி வீட்டைக் காலி பண்ணிட்டு வெளியூர்ல என் பொண்ணோட இருக்கப் போறேன்" என்ற தையல்காரர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுக்காரர்கிட்ட இனிமேதான் சொல்லணும். முன்னாடியே சொல்லியிருந்தா என் கையெழுத்தே தேவைப்பட்டிருக்காதே!"