ஐனா தேடிய குலம்

ஐனா கெடஸுக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு குலம் தேவைப்பட்டது.

மகன் ஃபெர்கஸுக்குக் கல்யாணம். ஊர் வழக்கப்படி, மாப்பிள்ளை தன் குலத்துக்கு உரிய கட்டம் போட்ட கில்ட் என்ற பாவாடையைக் கட்ட வேண்டும். எந்தக் கட்டம் என்று வெள்ளிக்கிழமை கடைக்காரருக்குச் சொல்லியாக வேண்டும்.

பெண்ணின் அம்மா மிஸஸ் மங்கர், மணப்பெண் தோளில் போடும் கட்டத் துணியை எப்போதோ எடுத்து வைத்துவிட்டாள்.

"என் பொறந்த வீட்டுக் கட்டம். ஏழு தலைமுறையா இதேதான். நீங்க என்ன குலம்?"

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் ஐனாவுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

"உருளைக்கிழங்குக் குலம்னு சொல்லேன்," என்றார் கணவர் வாட்டி, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

நான்கு நாள் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தாள். ஏழு தலைமுறையில் பெயர் கிடைத்தவர்கள் அறுபத்திரண்டு பேர். இருபத்து மூன்று பேர் நிலக்கரிச் சுரங்கம். இருபது பேர் நெசவு. பதினெட்டு பேர் மீன்பிடி. கோட்டை கட்டியவர் ஒருவரும் இல்லை.

மீதி ஒருத்தி, கிரிசெல். 1788இல் பிரசங்கத்தின் நடுவே சிரித்ததற்காக, சர்ச்சில் ஊரார் முன்னால் குற்றவாளி முக்காலியில் மூன்று ஞாயிறு உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கேயும் சிரித்திருக்கிறாள். இன்னும் மூன்று ஞாயிறு. அப்போதும் சிரிப்பு. மேலும் மூன்று. ஒன்பதாவது ஞாயிறு பாதிரியாருக்கே சிரிப்பு வந்துவிட்டதால் விட்டுவிட்டார்கள் என்று சர்ச் குறிப்பேட்டில் இருந்தது.

அதைப் படித்து ஐனா சிரித்த சிரிப்பில், காப்பகத்து அம்மாள் அவளை வெளியே அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஏதாவது ஒரு குலத்தைச் சொல்லித் தொலைக்கும்படி வாட்டி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஐனா கேட்கவில்லை. மிஸஸ் மங்கர் வீட்டில் டீக்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அறுபத்தொரு பேரையும் ஒப்பித்தாள். கடைசியாக, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டே, கிரிசெலையும் சொன்னாள்.

மிஸஸ் மங்கர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

கல்யாணம் நின்றது என்றே ஐனா நினைத்தாள்.

"எனக்குப் பொறந்த வீடே கெடையாது சம்பந்தியம்மா. அநாதை விடுதியில வளர்ந்தவ. அந்தக் கட்டம் கடை ஜன்னல்ல பாத்துப் புடிச்சுப்போய் வாங்கினது. எம் பொண்ணுக்கே தெரியாது."

ஐனா டீக்கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உங்க பையனும் அதையே கட்டிக்கட்டும்," என்றாள் மிஸஸ் மங்கர். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"பதிலுக்கு அந்த கிரிசெலை... நானும் எங்க பாட்டின்னு சொல்லிக்கவா?"