டேங்குக்குள் கொஞ்சம் காற்று

ஒரு வீட்டில் குழாய்களுக்குத் தண்ணீர் தரும் பிரஷர் டேங்கும் அதை நிரப்பும் மோட்டாரும் அக்கா தம்பியாகப் பழகின. டேங்குக்குள் இருந்த காற்று நாளாக நாளாகக் கசிந்துவிட, அந்த இடத்தையும் டேங்கு தண்ணீரால் நிரப்பிக்கொண்டது.

"பார்த்தியா தம்பி, துளி இடத்தைக்கூட நான் வீணாக்கலை."

"அக்கா, யாராவது ஒரு டம்ளர் தண்ணி பிடிச்சாக்கூட நான் ஓட வேண்டியிருக்கு. உடம்பு கொதிக்குது. இப்படியே போனா கருகிடுவேன்."

"இவ்வளவு தண்ணி வச்சிருக்கேனே, என்னால ஏன் அதைத் தள்ள முடியலை?"

"தள்ளுறது உள்ள அமுங்கி நிக்கிற காற்றுதானே அக்கா. அது போனதை நீங்க கவனிக்கவே இல்லையே."

மறுநாள் வீட்டுக்காரி பூவாயி சைக்கிள் பம்போடு வந்தாள். மோட்டாரை நிறுத்தி, டேங்கிலிருந்த தண்ணீரையெல்லாம் திறந்துவிட்டாள்.

"காலியாயிட்டா என்னை யாருப்பா மதிப்பா?" என்று டேங்கு கலங்கியது.

"நான் மதிக்கிறேன், விடுங்கக்கா."

பூவாயி மூச்சு வாங்கக் காற்றடித்துவிட்டு மோட்டாரைப் போட்டாள். இந்த முறை டேங்குக்குள் பாதிக்குத்தான் தண்ணீர் ஏறியது.

சாயங்காலம் அவள் மகள் சேற்றுக் காலோடு ஓடிவந்து குழாயைத் திறந்தாள். இரண்டு காலும் கழுவி முடிக்கும்வரை தண்ணீர் குறையாமல் வந்தது. மோட்டார் அசையவே இல்லை.

டேங்கு குழாயிடம் மெதுவாகச் சொன்னது: "சத்தம் போடாம ஊத்து. தம்பி இப்பதான் கண்ணசந்தான்."