இஞ்சி இல்லாத டீ

"ஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்றான் மருது.

ஜெரால்ட் சாவியைத் திருகினார். கே.கே. நகர் வீட்டு போர்ட்டிகோவில் நின்ற பால் நிறப் பழைய பியட் ஒருமுறை செருமிவிட்டு, பம்பர் முதல் டிக்கி வரை உதறத் தொடங்கியது. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த மாதா சிலையும் சேர்ந்து ஆடியது.

டீ தட்டோடு வாசலுக்கு வந்த தெரசா திடுக்கிட்டாள். இவ்வளவு குலுங்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"இம்புட்டு ஆடாதே..." என்று முணுமுணுத்த ஜெரால்ட், மனைவி பார்ப்பதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்.

தெரசா அதைக் கவனித்தாள். பரீட்சை ஹாலில் காலம் முழுக்க நடந்தவள் அவள். பிட் வைத்திருக்கும் பையனின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போதாதற்கு, பூசைக்குப் போய்விட்டு வந்த மனிதரின் நகக்கண்ணில் எதற்குக் கரி?

காரை வாங்க வந்தவர் டி. கல்லுப்பட்டி தமிழ்மாறன். பழைய கார்கள் மேல் பைத்தியம். தனியாகத்தான் வருவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ தல்லாகுளத்திலிருந்து மெக்கானிக் மருதுவையும் அழைத்து வந்துவிட்டார்.

விற்க வேண்டும் என்று ஆரம்பித்தது தெரசாவின் வாய்தான். திருநீற்றுப் புதனன்று, "வருஷா வருஷம் தவக்காலத்துக்குக் கறியை விட்டேன், முட்டையை விட்டேங்கிறீங்க. ஒரு தடவை உண்மையாவே பிடிச்சதை விட்டுப் பாருங்களேன்" என்று ஒரு எரிச்சலில் சொல்லிவிட்டாள். அன்று மாலையே ஜெரால்ட் வீம்பாகக் கோயிலுக்குப் போய், காரை விட்டுவிடுகிறேன் என்று ஃபாதரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் வாக்கைத் திரும்பப் பெறவில்லை. அவளும் வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார். அவள் டார்ச் பிடிப்பாள். பிள்ளைகள் ஆலனும் ஜெனிஷாவும் வெளியூர் போன பிறகு இருவரும் நிறையப் பேசிக்கொண்டது அந்த பானட்டுக்குக் கீழேதான். கார் போய்விட்டால் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மனிதர் என்ன செய்வார்?

"டீச்சரம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஷாக் அடிச்சிரும்."

இன்ஜின் ஓட ஓட, மருது பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான்.

"என்ன மாப்ள பண்ற?" என்றார் தமிழ்மாறன்.

"வேலை செய்யுற பிளக்கோட ஒயரை எடுத்தா சத்தம் இன்னும் விழும்ண்ணே. செத்த பிளக்குன்னா, எடுத்தாலும் ஒண்ணுதான் எடுக்காட்டியும் ஒண்ணுதான்."

வீட்டுக்கும் அது பொருந்தும் என்று தெரசாவுக்குத் தோன்றியது. இந்தக் காரை எடுத்துவிட்டால் வீட்டில் சத்தம் எவ்வளவு விழும்?

ஜெரால்ட் டீயை ஒரு வாய் குடித்தார். "என்ன, இன்னைக்கு இஞ்சி தட்டிப் போடலையா?"

"ஒரு நாள் இல்லாமக் குடிச்சா தொண்டையில இறங்காதா?"

மருது இன்ஜினை அணைக்கச் சொன்னான். பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினான்.

"ஒண்ணாம் நம்பரும் மூணாம் நம்பரும் அவுட்டு."

"ரெண்டா?" என்றார் ஜெரால்ட். தெரசாவும் அதையேதான் கேட்க வாயெடுத்தாள்.

"முனையைப் பாருங்க. ஒட்டிக் கெடக்கு. பொறி பறக்க இடமே இல்ல. தேஞ்சுபோனா இடைவெளி கூடும் சார், தன்னால ஒட்டாது. யாரோ வேணும்னே தட்டிருக்காக."

ஜெரால்ட் டீ கிளாசின் அடியை ஆராய்ந்தார்.

தமிழ்மாறன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "கெட்ட வண்டியை நல்ல வண்டின்னு விக்கிறவுகளைப் பாத்திருக்கேன். நல்ல வண்டியைக் கெடுத்து விக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன். சார், மனசு கோணிக் குடுக்கிற வண்டி எனக்கு வேணாம். ராசியாகாது. வாடா மாப்ள."

அவர்கள் பைக் தெருமுனை திரும்பும் வரை தெரசா காத்திருந்தாள்.

"கையைக் காட்டுங்க."

ஜெரால்ட் தண்டனை வாங்கும் பையனைப் போலக் கையை நீட்டினார்.

"மனசு கேக்கலை தெரசா. ஒரு தட்டுத்தான். லேசா ஆடும், வேணாம்னுட்டுப் போயிருவாருன்னு பாத்தேன்."

"வாக்குக் குடுத்துட்டுப் பண்ணுற வேலையா இது? அதுவும் தவக்காலத்துல!"

"சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்ட்ட சொல்லிர்றேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா நான் தட்டினது ஒண்ணாம் பிளக் மட்டுந்தான். மூணாவதைத் தொடவே இல்ல. மாதா மேல சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேணாம். நம்புறேன்" என்றாள் தெரசா. அவள் அவ்வளவு சீக்கிரம் எதையும் நம்புகிறவள் அல்ல என்பதால் ஜெரால்ட் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"சாயங்காலம் நானும் வாரேன் கோயிலுக்கு."

"நீ எதுக்கு? போன வாரந்தான பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்த?"

டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு தெரசா அடுப்படிக்குப் போனாள்.

மூன்றாம் பிளக்கைத் தட்டியதில் கரி ஏறியிருந்த இஞ்சிக் குழவியை, சோப்புப் போட்டு இன்னொரு தடவை தேய்க்க ஆரம்பித்தாள்.