ஒன்றரைப் பிடி உயரம்

சூரியன் விழுந்து அரைமணி ஆகிறது. ஏரிக்கரைக்கு அப்பால் வானம் செம்மண் கரைத்த நீராய்க் கிடக்க, அதன் அடிவிளிம்பில் வெள்ளி ஒற்றையாய் நிற்கிறது. வாசலில் பதித்த செங்கல்லின் மேல் ஏறி நின்ற திலகா, நாற்று நட்ட சேறு நகக்கண்ணில் காயாத வலக்கையை முன்னால் நீட்டி விரல்களை மடக்குகிறாள். நீட்டிய கையின் ஒரு பிடி வானத்தில் பத்து டிகிரி, சுண்டுவிரல் ஒரு டிகிரி. யார் கையாலும் அளக்கலாம், ஆனால் தினமும் அதே இடம், அதே நேரம். மகள் நிஷா சொல்லிக்கொடுத்தது. செங்கல்லும் அவள் பதித்ததுதான். காய்ச்சலில் அவள் போய் இன்றோடு இருபது நாள். நோட்டில் அவள் கடைசியாக அளந்து எழுதியது ‘ஒன்றரைப் பிடி’. அதன் கீழே, எழுதத் தெரியாத அம்மா விரலுக்கு ஒன்றாக இழுத்த கோடுகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகின்றன. திலகா பிடியைத் தளர்த்திச் சுண்டுவிரலை மட்டும் நிறுத்துகிறாள். வெள்ளிக்கும் கரைக்கும் நடுவே இரண்டு விரல்கூட இல்லை. “நாளைக்கு இன்னாத்த அளக்கிறது?” என்கிறாள். கணவன் சாம்சன் செல்போன் வெளிச்சத்தில் நோட்டைப் புரட்டுகிறான். “காணாம பூடும். அப்பால பத்து நாள்ல, விடிகாலம் கெழக்கால வரும்னு எழுதிக்கீறா.” “வேற?” அவன் கட்டைவிரல் அந்தப் பக்கத்தின் கடைசி வரியின் மேலேயே நிற்கிறது. “அம்மாவ எழுப்பிக் காட்டணும்னு எழுதிக்கீறா.” வெள்ளி கரைக்குப் பின்னால் இறங்குகிறது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. “தூங்கினாத்தான எழுப்பணும்” என்கிறாள்.