அட்டைப்படக் கப்பல்

“அட்டை எப்படிம்மா இருக்கு?”

பத்திரிகைக் கடையில் நின்றிருந்த அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு கண்ணாடிக்காரர். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். கையில், மாதிரிக் கப்பல், மாதிரி விமானமெல்லாம் ஒட்டிச் செய்கிறவர்களுக்கான பத்திரிகை ஒன்று. அட்டையில் மூன்று பாய்மரங்களோடு ஒரு கப்பல் கம்பீரமாக நின்றது.

“கண்ணைப் பறிக்குது சார். இதையே வாங்கிடலாம்னு இருக்கேன்.”

அவர் முகம் மலர்ந்தது. “நல்ல ரசனைம்மா உங்களுக்கு. நீங்க மாடல் செய்வீங்களா?”

“எனக்கெங்க சார் நேரம்? வீட்டுக்காரருக்கு. கிரேன் ஓட்டுறவரு. கால்ல அடிபட்டு மாவுக்கட்டோட வீட்டுல உக்காந்திருக்காரு. கை சும்மா இருக்க மாட்டேங்குது. சுவர்க்கடிகாரத்தைக் கழட்டினாரு. மிக்சியைக் கழட்டினாரு. ரெண்டும் திரும்ப ஒண்ணு சேரல. இன்னிக்குக் காலையில ஃபிரிட்ஜை ஒரு மாதிரியா பார்த்துட்டிருந்தாரு. அதான் ஓடி வந்தேன்.”

கண்ணாடிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

“சிரிக்காதீங்க சார். ‘இனிமே நான் எதுக்கும் லாயக்கில்ல’ன்னு ஒரே புலம்பல். டாக்டர்தான் இந்த மாதிரி ஏதாவது செய்யச் சொல்லுங்கன்னாரு. ஆனா முதல் தடவையே சொதப்பிடுச்சுன்னா போச்சு. அப்புறம் அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டாரு.”

அவர் சிரிப்பு நின்றது. அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அதைக் கீழ வெச்சிருங்கம்மா.”

“இப்பதானே சார் நல்ல ரசனைன்னீங்க?”

“அட்டையை வெச்சு என்ன பண்றது? உள்ள பிரிச்சுப் பாருங்க. பாய்மரம் நட்டு, நூலெல்லாம் கட்டி முடிச்சப்புறம் தளத்துக்குப் பெயின்ட் அடின்னு போட்டிருக்கு. அத்தனை நூலுக்கு நடுவுல பிரஷ் எப்படிப் போகும்? கொசுவலைக்குள்ள கையை விட்டுச் சுவத்துக்கு வெள்ளையடிக்கிற கதைதான்.”

அவள் குனிந்து பார்த்தாள். “அட, ஆமா!”

“அடுத்த பக்கம். படத்தை இடம்வலமா மாத்திப் போட்டிருக்கு. இதைப் பார்த்து ஒட்டினா அந்தக் கப்பல் ரிவர்ஸ்லதான் போகும். இங்க பாருங்க, கடைசி வரி. ‘மீதியையும் இதேபோல் முடிக்கவும்.’ அந்த மீதியிலதாம்மா முக்கால்வாசி வேலை இருக்கு! ‘அடுப்பைப் பற்றவைக்கவும், விருந்து தயார்’னு சமையல் குறிப்பு எழுதினா எப்படி இருக்கும்?”

கல்லாவில் இருந்த கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் சார், நானும் பார்த்துட்டே இருக்கேன். அந்தக் கப்பல் பத்திரிகை ஒரு கட்டு அப்படியே கிடக்கு. அது நிக்கப்போகுதுன்னே பேச்சு. அதிசயமா ஒருத்தங்க கையில எடுத்தா, அவங்களையும் விரட்டுறீங்களே! போட்டிப் பத்திரிகைக்காரங்க அனுப்பின ஆளா நீங்க?”

கண்ணாடிக்காரர் கையை விரித்தார். “அவங்க என்னை வாசல்லகூடச் சேர்க்க மாட்டாங்க.”

“பின்ன உங்களுக்கு என்ன வந்துச்சு?”

கண்ணாடிக்காரர் அடுக்கின் கீழ்த்தட்டில் குனிந்து, ஒல்லியாக, மங்கலான அட்டையோடு கிடந்த வேறொரு பத்திரிகையை உருவி எடுத்தார்.

“இதைப் பாருங்கம்மா. அழகே கிடையாது. படம் பூரா பசை ஒட்டின விரலும் அழுக்கு நகமும்தான். ஆனா ஒவ்வொரு துண்டையும் எப்படிப் பிடிக்கணும், எவ்வளவு நேரம் பிடிக்கணும், எல்லாம் இருக்கு. நம்ம கடைகள்ல கிடைக்கிற பெயின்டைத்தான் சொல்லுவாங்க. கோணலா ஒட்டிட்டா என்ன பண்றதுன்னு ஒரு பக்கமே ஒதுக்கியிருக்காங்க. அதைத்தான் முக்கியமாப் பார்க்கணும். தப்பே நடக்காத மாதிரி எழுதுற பத்திரிகையை நம்பவே கூடாது.”

அவள் அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். இறக்கை தொங்கிப்போன ஒரு குட்டி விமானம். கீழே, ‘கவலை வேண்டாம், எங்களுக்கும் இப்படித்தான் ஆனது’ என்று இருந்தது. அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது.

“இது அவருக்குப் பிடிக்கும் சார். அவரு கழட்டின மிக்சிகூட இப்படித்தான் பரிதாபமாக் கிடக்கு.”

“எடுத்தவுடனே கப்பல் வேண்டாம்னு சொல்லுங்க. சின்னதா ஒரு கார் வாங்கிக் குடுங்க. ஒண்ணு ஒழுங்கா முடிஞ்சுட்டா போதும், அப்புறம் மனுஷன் ஃபிரிட்ஜ் பக்கம் போக மாட்டாரு.”

அவள் ஒல்லிப் பத்திரிகைக்குக் காசு கொடுத்தாள். கடைக்காரர் முறைத்துக்கொண்டே வாங்கிப் போட்டார். கண்ணாடிக்காரர் அவள் வைத்துவிட்டுப் போன கப்பல் பத்திரிகையை எடுத்து, மடங்கியிருந்த ஓரத்தை நீவிச் சரிசெய்து அடுக்கில் வைத்தார். ஒரு பெருமூச்சு வந்தது.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“ரொம்ப நன்றி சார். ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? இவ்வளவு தப்பைப் புட்டுப்புட்டு வைக்கிறீங்க. பேசாம அந்தக் கப்பல் பத்திரிகைக்கு நீங்களே ஆசிரியராப் போயிருக்கலாம். அது உருப்பட்டிருக்கும்!”

கண்ணாடிக்காரர் கடைக்காரரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான் போனதாலதாம்மா அதுக்கு இந்தக் கதி!”