இரைகிற பெட்டி

“இதவிட எரைச்சலா ஒண்ணு இருக்காண்ணே?”

பத்துமலை இப்படிக் கேட்டதும் அப்துல் நாசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

இருபது வருஷமாக ஈப்போவில் ரேடியோ விற்றும் பழுது பார்த்தும் பிழைக்கிற மனுஷன். இரைச்சலை நிறுத்திக் கொடு என்று வந்தவர்கள்தான் அத்தனை பேரும். இரைச்சல் வேண்டும் என்று கேட்டு வந்தவன் இவன் ஒருவன்தான்.

மேசையில் ஐந்து பேச்சு ரேடியோக்கள். லோரிக்காரர்கள் வைத்திருப்பார்களே, பட்டனை அமுக்கினால் நாம் பேசலாம், விட்டால் எதிராளி பேசுவது கேட்கும், அந்த ரகம். பின்கட்டில் இன்னொன்றை வைத்துக்கொண்டு நாசரின் மனைவி சுபைதா, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போனாள்.

முதல் பெட்டியில் அவள் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது. வேண்டாம் என்று தள்ளிவிட்டான். ஐந்தாவதில் அவள் சொல்வது ஒன்றா ஏழா என்று கட்டின புருஷனுக்கே விளங்கவில்லை. பத்துமலைக்கு முகம் தெளிந்தது.

“அது ரோசாக்கான பொட்டிலா தம்பி, கெட்டுப் போச்சு. ஒண்ணும் வெளங்காது.”

“அதான் வேணும். இதே மாதிரி ரெண்டு. பழுது பாத்துடாதீங்க.”

“நீங்க ஏறப்போறது செமோர் பஸ்ஸா, தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸா?” என்றார் நாசர்.

யாருக்காவது மூளை பிசகினால் ஈப்போவில் அந்த ஊர் ஆஸ்பத்திரியைத்தான் சொல்வார்கள். பத்துமலை மரியாதைக்குச் சிரித்து வைத்தான்.

செமோர் பஸ்தான். அங்கேதான் மாயாண்டி இருக்கிறான்.

இருவரும் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் பிறந்தவர்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது மாயாண்டி செமோரில் ஒண்டிக்கொண்டான். பத்துமலை லோரிப் பட்டறை வேலைக்காக ஈப்போவுக்கு, புந்தோங் பக்கம் வந்துவிட்டான். ஆனாலும் விட்டுவிடவில்லை. ஆளுக்கொரு பேச்சு ரேடியோ வாங்கி, மூங்கிலில் கம்பியை உயரத் தூக்கிக் கட்டி, தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு, கட்டம் தாண்டிக் காய் வெட்டுகிற டாம் ஆட்டம் ஆடினார்கள். ஆளுக்கொரு பலகை, கட்டங்களுக்கு எண், காய்க்குச் சோடா மூடி. “பதினொண்ணுலேருந்து பதினஞ்சுக்கு” என்று ஒருவன் சொன்னால் இருவரும் நகர்த்திக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று வாரமாக மாயாண்டி பெட்டியைத் திறக்கவில்லை. நேரில் போனாலும், தூங்குகிறார் என்று அவன் மனைவி மங்களம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறாள். தப்பு தன்மேல்தான் என்று பத்துமலைக்குத் தெரியும். எப்படியாவது அவனை மறுபடி பலகை முன்னால் உட்காரவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சோறு இறங்காது.

செமோருக்குப் போய் ஒரு பெட்டியை மங்களத்திடம் நீட்டினான்.

“சேனல மாத்திட்டாங்க தங்கச்சி, பழைய பொட்டி இனிமே எடுபடாது. இன்னைக்கு ஆறு மணிக்கு ஒரே ஒரு தடவ இதத் தொறக்கச் சொல்லு.”

வாய் கூசாமல் சொன்ன பொய். அவள் வாங்கிக்கொண்டாள்.

வீடு திரும்பி ஆறு மணிக்குத் திறந்தபோது பெட்டி தகரக் கூரையில் மழை அடிப்பதுபோல் இரைந்தது. அதற்குள்ளிருந்து மாயாண்டி ஏதோ சொன்னான்.

ஏதோ. அவ்வளவுதான் சொல்ல முடியும். புற்று வந்த நாக்கில் பாதியை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஆசையாகப் பலகை முன் உட்கார்ந்தவன்தான். ஆனால் இவர்கள் ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. மூன்று தடவை சொல்லியும் எதிராளிக்கு விளங்காவிட்டால் சொன்னவனுக்குத் தோல்வி. பத்துமலை எண்ணை முணுமுணுத்துவிட்டு அப்புறம் மாற்றிச் சொல்கிறான் என்று மாயாண்டியே போட்ட சட்டம் அது. மழை இரைச்சல் இருந்தால் மட்டும் கணக்கில்லை.

அன்றைக்கு மழை இல்லை. பெட்டியும் சுத்தமாகப் பேசியது. மூன்று தடவையும் விளங்காமல் போக, பழக்கதோஷத்தில் பத்துமலை சிரித்துக்கொண்டே, “மூணாச்சு மச்சான், தோத்துட்ட,” என்று சொல்லிவிட்டான்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். சொல்லைக் கொட்டிவிட்டு என்ன செய்வது. அன்று மூடின பெட்டிதான்.

இன்று நான்காம் தடவையும் ஒன்றும் விளங்கவில்லை. “எரைச்சல்டா மச்சான், இது கணக்குல இல்ல, இன்னொரு தடவ சொல்லு,” என்றான் பத்துமலை. மாயாண்டி சலிக்காமல் சொன்னான். ஏழாம் தடவை பத்துமலை, “ஆங், கேட்டுச்சு,” என்று சொல்லிவிட்டுக் குத்துமதிப்பாக ஒரு மூடியை நகர்த்தினான். தன் பங்குக்கு இரண்டு எண்ணைச் சொன்னான்.

“ம்,” என்று வந்தது அங்கிருந்து. அதைச் சொல்ல நாக்கு வேண்டியதில்லை, இரைச்சலிலும் கேட்டது. தொடர்ந்து மாயாண்டி தன் ஆட்டத்தைச் சொன்னான். பத்துமலை மறுபடி ஏதோ ஒரு மூடியை நகர்த்தினான். மாயாண்டி ஆடுகிறான், அது போதும். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவனுக்கு மனசு ஆறியது.

ஆறேழு காய் ஓடியபிறகுதான் உறைத்தது. இதே இரைச்சல்தானே செமோரிலும் கேட்கும். பின்னே இவன் சொல்வதெல்லாம் அங்கே முதல் தடவையே எப்படி விளங்குகிறது?

பத்துமலை பட்டனை அமுக்கினான்.

“பன்னெண்டுலேருந்து நாப்பதுக்கு.”

பலகையில் எண் போட்டதே முப்பத்திரண்டு கட்டத்துக்குத்தான். பழைய மாயாண்டியாக இருந்தால் இந்நேரம் இவன் பரம்பரையையே இழுத்திருப்பான்.

பட்டனை விட்டுவிட்டுக் காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்தான்.

“ம்,” என்றான் மாயாண்டி.

அவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இங்கேயும் விளங்காது என்று தெரிந்தேதான், இவனுக்காக ஆடிக்கொண்டிருக்கிறான். பத்துமலை பட்டனைத் தொடாமல் அழுதான்.